கனி இருந்த விரதம்

ஜூலை 24, வியாழன்

காலை இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் மோர் சாதம். சாயங்காலம் கிளையன்ட் ஆபீசில் ஒரு மசால் வடை. அதைத் தொட்டிருக்கக் கூடாது.

வயிற்றெரிச்சலுக்குப் பார்க்கும் டாக்டர், தினமும் என்ன சாப்பிட்டேன், மனசு எப்படி இருந்தது என்று ஒரு மாதத்துக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் மருந்து பிடிக்குமாம். யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள். கம்பெனிகளுக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்வதும், வந்துவிட்டால் அது தெரியாமல் எழுதுவதும்தான் என் பிழைப்பு. முன்பு பத்திரிகையில் நிருபராக இருந்தேன். இப்போது பி.ஆர். ஏஜென்சி. என் கணவர் மோகன் இதை இஸ்திரி வேலை என்பார். துணி அழுக்காக இருந்தாலும் பரவாயில்லை, சுருக்கம் தெரியக்கூடாது.

மனசு: சாதாரணம்.

ஜூலை 25, வெள்ளி

காலை ரவா உப்புமா. மதியம் எதுவுமில்லை. நான்கு காபி.

பதினோரு மணி வாக்கில் எங்கள் முதலாளி கிரிதரன் ஒரு வீடியோவை அனுப்பிவிட்டு உடனே போனும் செய்தார். தி.நகர் கோலமயில் சில்க்ஸ் எங்களுடைய பெரிய கிளையன்ட். நேற்று மாலை அங்கே ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த ஒரு விற்பனைப் பெண் அப்படியே சாய்ந்து, மேஜை விளிம்பில் தலை இடித்துக் கீழே விழுந்திருக்கிறாள். யாரோ ஒரு வாடிக்கையாளர் எடுத்துப் போட்டுவிட்டார்.

மயங்கி விழுவது பெரிய செய்தி இல்லை. அடுத்து நடந்ததுதான் வினை. மேற்பார்வையாளர் தங்கதுரை ஓடி வருகிறார், குனிகிறார், அவள் முதுகுக்கு அடியில் மாட்டிக்கொண்ட சேலையை உருவி எடுக்கிறார். அதை மடித்து மேஜையில் வைத்த பிறகுதான் அவள் பக்கம் திரும்புகிறார். 'சேலைக்கு ஒண்ணும் ஆகலையே?' என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலையில் வந்தால் கடை மூடும் வரை உட்காராமல் நிற்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி. இன்றைக்குத்தான் எல்லோருக்கும் கோபம் வந்திருக்கிறது. மாலை நாலு மணி வரை சாப்பிட விடவில்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார்.

நாளை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழம் வாங்கிப் போ, போட்டோகிராபர் வேண்டாம் என்றார் கிரிதரன். இந்த மாதிரி விஷயத்தில் அவருக்கு நல்ல நிதானம்.

ஜூலை 26, சனி

காலை ஆப்பம். மதியம் தயிர் சாதம், ஊறுகாய் இல்லை. நல்ல பிள்ளை.

பெண்ணின் பெயர் கனி. அப்படித்தான் அவள் யூனிபார்ம் சேலையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டையில் இருக்கும். திசையன்விளைப் பக்கம் ஒரு சின்ன ஊர். கடை விடுதியில் தங்கி வேலை பார்க்கிறாள். நெற்றிக்கு மேலே மூன்று தையல். பொட்டில்லாத முகம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் யார் பொட்டு வைத்துக்கொண்டிருப்பார்கள். தலையணைக்குப் பக்கத்தில், ஜிப் வைத்த கருப்பு உறை போட்ட ஒரு தடிப் புத்தகம் இருந்தது. விடுதித் தோழி கொண்டுவந்து கொடுத்ததாம்.

என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள். படு என்று சொன்ன பிறகும் பாதி உட்கார்ந்தபடியேதான் பேசினாள். சாப்பாட்டுக்கு முறை வைத்துத்தான் விடுவார்களாம். வியாழக்கிழமை அவள் முறை வரவில்லை. "கூட்டம் குறையட்டும், போலாம்னாவ. அது குறையவே இல்லக்கா" என்றாள். யாரைப் பற்றியும் குறை சொல்கிற குரல் இல்லை அது. மழை பெய்தது என்று சொல்வதைப்போல் சொன்னாள். மாத இறுதியோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாளாம். ஆகஸ்ட் கடைசியில் கல்யாணம்.

டியூட்டி டாக்டர், வயிறு காலி, சர்க்கரை இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை என்றார்.

திரும்பும் வழியில் அம்மன் கோயில் வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்தச் சொன்னேன். ஆடி மாதம். வயிறு காலி. சம்பவம் நடந்தது வியாழன் என்றாலும் ஆடி வெள்ளிக்கு முந்தின நாளே விரதம் தொடங்குகிறவர்கள் உண்டு. காரிலேயே எழுதி முடித்தேன். 'அம்மனுக்கு விரதமிருந்த நிலையிலும் கடமை தவறாமல் பணிக்கு வந்த எங்கள் சகோதரி...' கடைசிப் பத்தியில், எல்லா ஊழியர்களுக்கும் உடனே முக்காலி போடப்படும் என்று சேர்த்தேன். கடை முதலாளியின் மகன் ராஜவேல் முக்காலிக்கு முனகினார். அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. முந்நூறு பெண்களுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்றால் ஒரு விரதம் பெரிய விஷயமா?

மனசு: உற்சாகம் என்றே எழுதவேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

எதிர்வீட்டில் கொடுத்த கூழ், முருங்கைக்கீரைப் பொரியல். வயிறு குளுகுளுவென்று இருந்தது.

நாலு பேப்பரில் வந்துவிட்டது. வீடியோவுக்குக் கீழே காற்று திசைமாறிவிட்டது. பக்தியுள்ள பிள்ளை, நம் பண்பாடு என்கிறார்கள். வீடியோ எடுத்தவரைத் திட்டுகிறார்கள். விழுந்த பெண்ணைத் தூக்காமல் படம் பிடித்தாராம். சேலையை உருவின தங்கதுரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கிரிதரன் அனுப்பிய செய்தியில் ஒரே ஒரு கும்பிடு. அவரிடமிருந்து அது வருவது அபூர்வம்.

ஜூலை 28, திங்கள்

இட்லி, சாம்பார் சாதம். மிக்ஸி ஜாரின் பிளேடு போய்விட்டது, கடையில் கொடுத்தாயிற்று.

ஒரு யூடியூப் பையன், விரதம் இருந்தேன் என்று அந்தப் பெண் தன் வாயால் சொன்னாளா என்று கேட்டுவிட்டான். நியாயமான கேள்வி. நிருபராக இருந்தபோது நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். ராஜவேலுக்குப் பொறுக்கவில்லை. அவளையே சொல்ல வைங்க என்கிறார். நாளைக்குக் கடையிலேயே படப்பிடிப்பு.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஒரு தோசை.

கனி தையலோடு வந்திருந்தாள். யூனிபார்ம் சேலை, தலையில் பூ. பொட்டை மட்டும் காணோம். படம் எடுப்பதற்கு முன்னால் என்னிடம் ஒன்று சொன்னாள். நான் ஒரு பதில் சொன்னேன். பிறகு எடுத்தோம்.

புது முக்காலியில் உட்கார்ந்து பேசவேண்டும். இது நடப்பதற்குள் உயிர் போய்விட்டது. தங்கதுரை அந்தப் பக்கம் வந்தாலே எழுந்துவிடுகிறாள், பாதி வாக்கியத்தில் விறைப்பாக நிற்கிறாள். கடைசியில் அவரைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினேன். "கேமராவைப் பார்க்காதே, பின்னாடி நிக்கிற என்னைப் பாரு. நான் தலையாட்டினதும் சொல்லு" என்றேன். அதற்குப் பிறகு ஒழுங்காக வந்தது. நான் தலையாட்டினேன். அம்மனுக்கு விரதம் இருந்ததாகவும் கடையில் எல்லோரும் அண்ணன் தங்கை மாதிரி பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். சொல்லி முடித்ததும், இது ஊரில் பார்ப்பார்களா என்று கேட்டாள். பத்து நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்றேன்.

பொட்டு என்னுடையது. கைப்பையில் இருந்த அட்டையிலிருந்து நானே எடுத்து ஒட்டினேன்.

ஜூலை 30, புதன்

சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு தின்றேன், சாயங்காலம் வரை நெஞ்சு எரிந்தது.

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. கடையில் கூட்டம் இரட்டிப்பு. தொழில்துறை விருது ஒன்றுக்கு இதை அனுப்பப்போவதாகக் கிரிதரன் சொன்னார். முக்காலிகளைப் பார்க்கலாம் என்று கடைக்குப் போனேன். இருந்தன. நடைபாதையை அடைக்கிறது என்று சுவரோரமாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்திருந்தார்கள். கனி கணக்கு முடித்து ஊருக்குப் போய்விட்டாளாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கஞ்சி.

கனி போன் செய்தாள். அழுகையெல்லாம் இல்லை. எழுத்தில் வைப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்கிறவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் சபைக்கு அறிவிப்பார். நேற்று முதல் ஓலை. ஆராதனைக்கு முந்தின நாளே மாப்பிள்ளையின் அம்மா, இப்போது வாசிக்க வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டார். வீடியோ அங்கே எல்லோர் போனிலும் இருக்கிறது. புதுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கனிக்கு, தன் பெயர் வராமல் ஆராதனை முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் செஞ்சது தப்புதான்க்கா, அதைச் சொல்லிட்டேன். ஆனா நான் மொதல்லயே உங்ககிட்ட சொன்னம்லா, நாங்க வேதக்காரங்கன்னு. அதை மட்டும் நீங்க ஒரு வார்த்தை மாப்ள அம்மாகிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டுக்காவ."

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை எதுவும் இறங்கவில்லை. மதியம் மோர்.

கிரிதரனிடம் போனேன். ஒரு மறுப்பு, நாலே வரி, ஊழியரின் நம்பிக்கை குறித்துத் தவறான தகவல் தந்துவிட்டோம் என்று. எழுதியே எடுத்துப் போயிருந்தேன். அவர் படித்துவிட்டு மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். "அணைஞ்சு போன அடுப்பை நாமளே ஊதுறதா வத்சலா? இப்ப இது கடைப் பிரச்சினையா இருக்காது. மதப் பிரச்சினையா ஆயிடும். அந்தப் பொண்ணுக்குத்தான் ஆபத்து" என்றார். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, அதுதான் தொல்லை. கடையின் இணையப் பக்கத்திலிருந்து வீடியோவை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிட்டார்கள். அது இருக்கும் ஆயிரம் இடங்களில் ஒரு இடம் குறைந்தது.

வெளியே வரும்போது, அவ கிறிஸ்டியன்னு உனக்கு எப்போ தெரியும் என்று கேட்டார். அவள் நேற்று போன் செய்த பிறகுதான் என்றேன். வாய் கூசவில்லை.

டாக்டர் உள்ளதை எழுதச் சொன்னார். எழுதிவிடுகிறேன். ஜூலை 29 அன்று படமெடுப்பதற்கு முன்னால் கனி என் முழங்கையைத் தொட்டு ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, நாங்க வேதக்காரங்க, விரதமெல்லாம் கிடையாது, கடையில வைக்கச் சொல்லுதாவன்னுதான் வேலை நேரத்துல பொட்டு வைப்பேன்" என்றாள். நான் சொன்ன பதில்: "எல்லாம் ஒரே சாமிதானேம்மா." கேட்பதற்கு எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டேதான் பொட்டை ஒட்டினேன். அந்தக் கருப்பு உறைப் புத்தகம் பைபிள் என்று ஆஸ்பத்திரியில் பார்த்தபோதே எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் வைத்திருந்ததும் அதே ஜிப்தான். தெரிந்துதான் காரை நிறுத்தினேன், தெரிந்துதான் எழுதினேன். என்ன புத்தகம் என்று கேட்டிருந்தால் விரதம் எழுத முடியாது. அதனால் கேட்கவில்லை.

அவமானமாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூட எந்த வாக்கியம் என்னை நல்லவளாகக் காட்டும் என்று கை தேடுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இட்லி. ஆடி வெள்ளி என்று எதிர்வீட்டில் பொங்கல் கொடுத்தார்கள், வாங்கி வைத்துவிட்டேன், சாப்பிட முடியவில்லை.

நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நாளை நெல்லைக்கு ரயில். மோகன் தடுக்கவில்லை. போய் என்ன சொல்வாய் என்று மட்டும் கேட்டார். 'கனி என்னிடம் முன்கூட்டியே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை.' இவ்வளவுதான். குளியலறையில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை நெல்லையில் இரண்டு பூரி. மதியம் கனி வீட்டில் சோறு, மீன் குழம்பு, அவியல். எழுதத்தானே வேண்டும், மறுசோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது கனி குடையோடு நின்றிருந்தாள். என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். தையல் பிரித்த இடம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. வழியெல்லாம் ரயிலில் தூங்கினேனா, தண்ணீர் சேர்ந்ததா என்று என்னைப் பற்றியே விசாரித்துக்கொண்டு வந்தாள்.

ஆராதனை முடிந்து, சர்ச்சை ஒட்டிய அறையில் உட்கார்ந்தோம். பாதிரியார், மாப்பிள்ளையின் அம்மா எஸ்தரம்மாள், கனியின் அம்மா, கனி. மாப்பிள்ளை வெளியூரில் வேலை பார்க்கிறான். கனியின் அம்மா நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்து எனக்குப் போட்டார். அவரும் கனியும் நின்றுகொண்டிருந்தார்கள். மெட்ராசில் பெரிய கம்பெனியில் இருக்கிறவர், நம் பிள்ளைக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், இந்தக் காலத்தில் யார் வருவார்கள் என்று பாதிரியார் என்னை அறிமுகம் செய்தார். எஸ்தரம்மாளும் கைகூப்பினார்.

அவர் கெட்ட மனுஷி இல்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"விரதம் இருக்கவங்கள நாங்க ஒண்ணும் குறை சொல்லலம்மா. எங்க பக்கத்து வீட்ல எல்லாரும் இருக்கதுதான், கூழு தருவாவ, குடிப்போம். ஆனா ஒரு வேலைக்காவண்டி சாமிய மாத்திச் சொல்லுத பிள்ள, நாளைக்கு எதுக்காவண்டியும் எதையும் மாத்திச் சொல்லும்லா? அதான் எனக்குப் பயம்."

நான் பேசினேன். நன்றாகப் பேசினேன். பெரிய நிறுவனங்களில் நெருக்கடி நேரத்தில் நடக்கும் அவசரங்கள், சின்னப் பெண் மீது விழும் அழுத்தம், அவளுடைய வெகுளித்தனம், எல்லாம் சொன்னேன். பாதிரியார் தலையசைத்துக் கேட்டார். எஸ்தரம்மாளின் முகம் இளகுவது தெரிந்தது. இனி அந்த ஒரு வாக்கியம்தான் பாக்கி.

அதற்குள் அவரே கேட்டுவிட்டார். "நீங்க படிச்சவங்க, இவ்வளவு நல்லவங்களா இருக்கீங்க. வேதக்காரப் பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா நீங்க அப்படிச் சொல்ல வச்சிருக்க மாட்டீங்கல்லா?"

நால்வரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வந்த நல்லவள் என்ற பெயர் எனக்குக் கிடைத்து அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

வெளியே வந்துவிட்டது. இல்லை, தெரியும் என்று அடுத்த மூச்சில் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எஸ்தரம்மாள் அதற்குள் கனியின் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏம்ட்டி, அப்பம் நீ அவங்ககிட்ட சொல்லவே இல்லியா?"

கனி தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். கோபமோ கெஞ்சலோ இல்லாத பார்வை. அன்றைக்குக் கேமராவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்த அதே பார்வை. நான் என்ன காட்டுகிறேனோ அதைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

என் தலை ஆடியது.

"சொல்லல மாமி" என்றாள் கனி.

அப்புறம் அவள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். கனிதான் பரிமாறினாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் உட்காரவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, "நீங்க வந்ததே பெரிசுக்கா, மனசுல ஒண்ணும் வைக்காதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கனியிடமிருந்து ஒரு செய்தி: 'இன்னைக்கும் வாசிக்கலக்கா. அவ்வொ வேற இடம் பாக்காவளாம். நீங்க அலைஞ்சதுக்கு நன்றி.'

எஸ்தரம்மாளுக்கு எழுதினேன். உள்ளதை எழுதினேன். அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை இட்லி.

டாக்டரைப் பார்க்கும் நாள். இதையெல்லாம் அவர் படிப்பார் என்பது நேற்று ராத்திரிதான் உறைத்தது. காலையில் ஒரு வெள்ளைத்தாளில் சாப்பாட்டை மட்டும் தேதிவாரியாக எழுதி எடுத்துப் போனேன். அழகான கையெழுத்து என்று பாராட்டினார். மனசு என்ற இடத்தில் எல்லா நாளும் சாதாரணம் என்று போட்டிருந்தேன்.